பதிவறை எழுத்தர் முனைவர் ஜாஸ்பின்

ஆவூரில் போய் வாத்தியார் வீடு எது என்று கேட்டால், "எந்த வாத்தியார்?" என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்கு நாலு வாத்தியார் இருக்கிற ஊர் அது. அந்தோணிமுத்து வாத்தியார் வீடு என்று கேட்டால் மட்டும், "அந்தப் புரொபசரம்மா வீடா?" என்று கையைக் காட்டிவிடுவார்கள். அந்தப் புரொபசரம்மாதான் ஜாஸ்பின், வாத்தியாரின் ஒரே மகள். அவள் புரொபசர் இல்லை என்பது ரெண்டு வருஷமாக அந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த ஆளும் அவளேதான்.

அவளை ஏமாற்றுக்காரி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டையில் தாவரவியல் படித்தாள். பிறகு முனைவர் பட்ட ஆய்வுக்குக் குளத்தூர் வட்டாரத்துக் கண்மாய்களில் வளரும் நீர்த்தாவரங்களை எடுத்துக்கொண்டாள். ஏழு வருஷம் முழங்கால் தண்ணீரில் நின்றாள். அல்லியும் ஆகாயத்தாமரையும் பெயரே தெரியாத பாசிகளும் பழைய செய்தித்தாளுக்குள் அமுங்கி வீடு முழுக்கக் கிடந்தன. அம்மா வியாகுலமேரி, "காடுகரையில கெடக்குற கோரையெல்லாம் எதுக்குடி வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கிற" என்று சத்தம் போடுவாள். சத்தம் போட்டவள் நாலாவது வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். மகள் பட்டம் வாங்கியதைப் பார்க்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பட்டம் வந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச்சாமியார், "நம் பங்கின் மகள் முனைவர் ஜாஸ்பின்" என்று மைக்கில் சொன்னார். அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். யாருக்குப் பட்டம் வந்தாலும், வேலை வந்தாலும், வெளிநாட்டுக்கு விசா வந்தாலும் பூசை முடிவில் சொல்லிக் கைதட்ட வைப்பார்கள். கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது. இனி வேலைதான் பாக்கி என்று அப்பாவும் மகளும் நினைத்தார்கள்.

அந்தப் பாக்கி தீரவே இல்லை.

பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பம் போடுவது என்றால் என்னவென்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஏழு ஜெராக்ஸ், ஒவ்வொன்றிலும் கையெழுத்து, எழுதிய கட்டுரை எத்தனை, போன கருத்தரங்கு எத்தனை என்று தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் படிவம், எல்லாவற்றையும் சேர்த்து ஸ்பைரல் பைண்டிங். ஒரு விண்ணப்பம் ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். அப்படிப் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை பெற்று அனுப்பினாள் என்பதை அவளே மறந்துவிட்டாள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டது பத்தொன்பது தடவை. பத்தொன்பதுக்கும் அந்தோணிமுத்து வாத்தியார் கூடவே போனார். தஞ்சாவூரோ, காரைக்குடியோ, திருநெல்வேலியோ, எங்கே என்றாலும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஒயர்க்கூடையில் எலுமிச்சஞ்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மகள் உள்ளே போனதும் வாசலில் நிழல் பார்த்து உட்காருவார். வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்தால் போதும், எதுவும் கேட்காமல் டப்பாவைத் திறந்து, "சாப்புடு, பெறகு பேசலாம்" என்பார். பெறகும் பேச மாட்டார்.

ஒரு இடத்தில், "இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்பது மட்டும்தான் கேள்வியாக இருந்தது. ஆகவில்லைதான். வேலை கிடைக்கட்டும் என்று அப்பா வந்த வரனைத் தள்ளிப்போட்டார், பிறகு வரன்கள் அவளைத் தள்ளிப்போட்டன. இன்னொரு இடத்தில் சாயங்காலம் ஆறு மணி வரை உட்கார வைத்துவிட்டு, இன்றைக்கு நேர்காணல் ரத்து என்று கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். அந்தத் தாளை ஒட்ட வந்த ஆள் பசையைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க மேல கோவப்படாதீங்கம்மா" என்றான். அன்றைக்கு அவன் ஒருத்தன்தான் அவளிடம் மனுஷத்தனமாகப் பேசியவன்.

இடைப்பட்ட காலமெல்லாம் கீரனூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்தாள். ஜூன் மாதம் சேர்த்துக்கொண்டு ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள். மறுபடி ஜூனில் புதுசாகச் சேர்ப்பார்கள். பாடம் நடத்துவதில் மட்டும் அவள் கெட்டிக்காரி. வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும். கையில் ஒரு அல்லித்தண்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவாள், பின் பெஞ்சில் இருப்பதுகூட எழுந்து வந்து எட்டிப் பார்க்கும். 2022 ஜூனில் தாவரவியலுக்குச் சேர்ந்தது மூன்றே பேர். முதல்வர் அவளைக் கூப்பிட்டு, "மேடம், தப்பா நினைக்காதீங்க, டிபார்ட்மென்ட்ட மூடுறோம்" என்றார். தப்பாக நினைக்க அதில் என்ன இருக்கிறது? அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

அந்த மாசமேதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிக்கை வந்தது. பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆவூரிலிருந்து ரெண்டு பஸ் மாறினால் போய்விடலாம். ஒரே பக்கத்தில் மேலே ஆசிரியர் பணியிடங்கள், கீழே அலுவலகப் பணியிடங்கள். மேலே, உதவிப் பேராசிரியர், தாவரவியல், ஒன்று. கீழே, பதிவறை எழுத்தர், மூன்று. பழைய கோப்புகளைக் கட்டி அடுக்கி, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிற வேலை. பத்தாம் வகுப்பு தேர்ச்சி. வயது நாற்பத்திரண்டு வரை. அதற்கும் கீழே பொடி எழுத்தில், பட்டப்படிப்பு முடித்தவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர்கள்.

படித்தவனைப் பேராசிரியராக எடுக்க ஆயிரம் யோசிப்பார்கள், அவன் எழுத்தராக வந்தால் மட்டும் படித்திருக்கிறாயே என்று விரட்டுவார்கள். இந்த நியாயத்தை எழுதியவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

ஜாஸ்பின் ரெண்டுக்கும் போட்டாள். மேலே உள்ளதற்கு ஏழு பிரதி, ஸ்பைரல் பைண்டிங். கீழே உள்ளதற்கு ஒரே தாள். கல்வித் தகுதி என்ற இடத்தில் பத்தாம் வகுப்பு என்று எழுதிவிட்டு, அதன் கீழே இருந்த கட்டங்களில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். பதினாலு வருஷத்துப் படிப்பு நாலு கோட்டில் காணாமல் போனது. மேலே கூறியவை உண்மை, எதையும் மறைக்கவில்லை, மறைத்தது தெரிந்தால் பணிநீக்கம் செய்யலாம் என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போடும்போது அழுதாள். அழுதுகொண்டே போட்டாள்.

ஆசிரியர் நியமனத்துக்கு யாரோ வழக்குப் போட்டுத் தடை வாங்கினார்கள். அலுவலக நியமனம் எட்டே மாதத்தில் முடிந்தது. உத்தரவு கைக்கு வந்த அன்றைக்குத்தான் அந்தப் பிசகு நடந்தது. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, யுனிவர்சிட்டில வேலை கெடச்சிருச்சு" என்றாள். என்ன வேலை என்று அடுத்த மூச்சில் சொல்லத்தான் வந்தாள். அதற்குள் அந்தோணிமுத்து வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடிவிட்டார். எழுபத்து மூன்று வயதில் அவர் ஓடியதைத் தெருவே பார்த்தது.

ஞாயிறு பூசையில் சாமியார், "முனைவர் ஜாஸ்பின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியேற்கிறார்" என்றார். கைதட்டல். அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை.

பதிவறை கட்டடத்தின் கடைசியில் இருந்தது. தூசியும் மக்கிய காகித வாசனையும். கண்காணிப்பாளர் சுகுணா நல்ல மனுஷி. "ஜாஸ்பின், பத்தாவதுதான் படிச்சிருக்க, ஆனா கையெழுத்து காலேஜ் வாத்தியார் மாதிரி இருக்கு" என்று பாராட்டுவாள். ஜாஸ்பின் தலையைக் குனிந்து நூலை முடிச்சுப் போடுவாள். அவள் தினமும் நடந்துபோகிற பாதையில் ஒரு புங்க மரத்தில் வேங்கையின் தாவரவியல் பெயரை எழுதிப் பலகை மாட்டியிருந்தார்கள். ரெண்டு வருஷம் அதைத் தாண்டித்தான் போனாள், வந்தாள். பத்தாவது படித்தவளுக்கு அது தப்பு என்று எப்படித் தெரியும்? பேசாமல் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கி என்ன பாடம் எடுத்த?"

அதற்காகவே திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வகுப்பைத் தயார் செய்வாள். இன்றைக்கு ஒளிச்சேர்க்கை. இன்றைக்கு வேர்கள். பாடத்தோடு பிள்ளைகளையும் தயார் செய்ய வேண்டியிருந்தது. ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வருகிற செவந்தி என்று ஒரு பெண்ணை உண்டாக்கினாள். கேள்வி மேல் கேள்வி கேட்கிற பிள்ளை, அப்பா கிடையாது, அம்மா நடவுக்குப் போகிறவள். வாத்தியாருக்கு அந்தச் செவந்தியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அந்தப் புள்ள வந்துச்சா?" என்பார். "பரீட்சை நல்லா எழுதுச்சா?" என்பார். ஒரு கிறிஸ்துமசுக்கு, "செவந்திக்குக் குடு" என்று ஒரு பேனா வாங்கி வந்தார். அந்தப் பேனாவால்தான் ஜாஸ்பின் கோப்புப் பதிவேடு எழுதினாள்.

இப்படியே ஓடிவிடும் என்றுதான் நினைத்தாள். மேலே போட்ட விண்ணப்பத்தை அவள் மறந்தே போனாள். பல்கலைக்கழகம் மறக்கவில்லை. ரெண்டு வருஷம் கழித்துத் தடை நீங்கியது. நேர்காணல் கடிதம் பதிவுத் தபாலில் ஆவூர் வீட்டுக்குப் போனது. மகள் வேலையில் இருந்தாள். அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் பாடம் பற்றிக் கேட்கவில்லை. கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"உதவிப் பேராசிரியர் வேலைக்கு இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி எழுதியிருக்காங்க. அங்கதான நீ ரெண்டு வருசமா பாடம் எடுக்குற?"

ஜாஸ்பின் பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"சொல்லும்மா. அங்கிட்டு நீ என்னவா இருக்க?"

"ரெக்கார்ட் கிளார்க்குப்பா."

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு மெதுவாக, "அப்ப செவந்தி?" என்றார்.

அதற்குத்தான் அவள் உடைந்து அழுதாள். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோடு போட்டதை, கையெழுத்துப் போட்டதை, புங்க மரத்தை, எல்லாம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"நீங்க கோயில்ல சொல்லிட்டீங்கப்பா. பெறகு எப்படி நான் இல்லேங்குறது?"

அவர் தலையை ஆட்டினார். குற்றம் தன்மேலும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது அது.

விஷயம் இதுதான். அங்கே வேலை பார்க்கிறவர் நேர்காணலுக்குப் போக வேண்டுமானால் அலுவலகத்தில் என்ஓசி என்கிற தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அதைக் கேட்டால் முனைவர் பட்டம் வெளியே வரும், பட்டத்தை மறைத்தவள் வேலையை விட்டு வெளியே போவாள். சான்று இல்லாமல் போய் உட்காரலாம் என்றால், அந்தக் கட்டடத்தில் அவள் முகம் தெரியாத ஆள் கிடையாது. மிச்சம் ஒரே வழி. காலையில் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்கு நேர்காணலில் உட்கார வேண்டும். இடம் ஒன்று. கூப்பிட்டிருப்பது பதினோரு பேரை. கிடைக்காவிட்டால் நாற்பத்து நாலு வயதில் ரெண்டும் இல்லை.

"போ" என்றார் அப்பா. "ஏழு வருசம் தண்ணியில நின்னது பைல் கட்டவா? என் பென்சன் இருக்கு, நம்ம ரெண்டு பேருக்கும் காணும்."

"பென்சன் நீங்க இருக்குற வரைக்கும்தானப்பா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் சிரிக்கப் பார்த்தார். "நான் அவ்வளவு சீக்கிரம் போக மாட்டேன்" என்றார். "நானும் வாரேன். எப்பவும் வாரதுதான."

சரி என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

நேர்காணல் அன்று அவள் முதல் பஸ்ஸில் போனாள். அசல் சான்றிதழ்களும் ராஜினாமாக் கடிதமும் பைக்குள் இருந்தன. அப்பா அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சுகுணாவின் அறைக்குள் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சுகுணா ஒரு பட்டியலை நீட்டினாள்.

"நல்ல வேளை வந்துட்ட. பேரு கூப்புடுற ஆளு லீவு. இன்னிக்கி இன்டர்வியூ ஹால் வாசல்ல நீ நில்லு. ஒவ்வொரு பேரா மூணு தடவை கூப்புடு, வந்தா டிக் போடு, வரலைன்னா வரலைன்னு எழுது. அவ்வளவுதான்." பட்டியலைக் காட்டிச் சிரித்தாள். "இங்க பாரு, ஏழாவதா ஒம் பேருலயே ஒரு டாக்டரம்மா."

"மேடம்" என்றாள் ஜாஸ்பின்.

"பாவம்டி இவங்கள்லாம்" என்று சுகுணா குரலைத் தணித்தாள். "ஆளு எப்பவோ முடிவாயிருச்சுன்னு பேசிக்கிறாங்க. நெசமோ பொய்யோ. இது தெரியாம இத்தன பேரும் விடிய முன்னாடி கெளம்பி வந்து ஒக்காந்திருக்குதுங்க. ஆமா, என்னமோ சொல்ல வந்தியே?"

ஜாஸ்பின் பயந்துபோனாள். வேறு வார்த்தை போட்டு அதை அலங்கரிக்க முடியாது. பத்தொன்பது தடவை வாசலில் நின்ற பயம் அது. கையிலிருந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் போட்டாள். "ஒண்ணுமில்ல மேடம்" என்றாள். பட்டியலை வாங்கிக்கொண்டாள்.

ஹால் வாசலில் ரெண்டு பக்கமும் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஸ்பைரல் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். எதிர்ப்பக்கம் துணைக்கு வந்தவர்கள். துணைக்கு வந்தவர்களின் வரிசையில் கடைசி ஆளாக அந்தோணிமுத்து வாத்தியார் வெள்ளைச் சட்டையும் ஒயர்க்கூடையுமாக உட்கார்ந்திருந்தார். மகள் ஹால் கதவைத் திறந்துகொண்டு கையில் பட்டியலோடு வந்து நின்றதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு அவள் முதல் பெயரைக் கூப்பிட்டாள். என்ன நடக்கிறது என்று அவருக்கு அப்போது புரிந்தது.

ஒன்று முதல் ஆறு வரை வந்தார்கள், டிக் போட்டாள். ஆறாவது ஆள் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது.

"முனைவர் அ. ஜாஸ்பின்" என்று கூப்பிட்டாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை. அவள் அப்பா பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் குரல் வராது என்று தெரியும்.

"முனைவர் அ. ஜாஸ்பின்."

உள்ளேயிருந்து யாரோ, "சீக்கிரம் பாருங்கம்மா" என்றார்கள். மூன்றாவது தடவை கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் வெளியே வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் ஒரு மாதிரியாக அவளைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தால் எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும்.

எதிர்ப்பக்கத்துப் பெஞ்சிலிருந்து அந்தோணிமுத்து வாத்தியார் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னே பின்னே தெரியாத ஒரு அலுவலகத்து அம்மாவிடம் பேசுகிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அந்தப் புள்ள எங்க ஊருதாங்கம்மா. அது வரல. வரலைன்னு எழுதிக்கங்க."

அவள் எழுதினாள். பிறகு எட்டாவது பெயரைக் கூப்பிட்டாள்.